மண்டபத்தைப் பின்வாசல் வழியாகப் போய்ப் பாருங்கள்

கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறார்கள். முகூர்த்தம் இல்லாத ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு, ஒரு காரில் ஆறு பேர் அடைந்துகொண்டு. வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார், மேனேஜர் வந்து நாலு லைட்டைப் போட்டு ஒரு ஏசியை ஓட விடுவார், காலி ஹாலின் நடுவில் நின்று பெரியப்பா ஒருவர் மேலே அண்ணாந்து பார்த்து "பெரிசாத்தாம்பா கீது" என்பார், மேடையை இரண்டு போட்டோ எடுத்து சம்பந்தி வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வரும், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். காலியாக இருக்கும் எந்த மண்டபமும் பெரிசாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் கக்கூஸ் நாறாது, கை கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்காது, பார்க்கிங்கில் நம்ம ஒரே ஒரு வண்டிதான் நிற்கும்.

நான் சொல்வது ரொம்ப எளிது. அந்த மண்டபத்தில் வேறு யாருக்காவது கல்யாணம் நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள். சாயந்தரம் ரிசப்ஷன் என்றால் எட்டு மணிக்கு, காலை முகூர்த்தம் என்றால் டிபன் பந்தி நடக்கும்போது. அதுவும் வாழைமரமும் பன்னீர்ச் சொம்பும் இருக்கிற முன்வாசல் வழியாக வேண்டாம், காய்கறி வண்டி போகிற பின்வாசல் வழியாக.

எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்புறம் சித்தப்பா பெண்ணுக்கு, இப்போது தை மாதம் வைத்திருக்கும் மாமா பையன் கல்யாணத்துக்கும் "நீயே வந்து பாரு, நீ ஏதாவது நோண்டி நோண்டிக் கேப்ப" என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை, சரி போகட்டும். அடுத்தவர் கல்யாணத்தில் எப்படி நுழைவது என்று கூச்சப்படுகிறவர்களுக்கு: மேனேஜரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வேலூரில் இதையெல்லாம் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு தடவை சாப்பாட்டுக்கூடத்து ஓரமாக நின்று இலை எண்ணிக்கொண்டிருந்தபோது பெண்ணின் தாய்மாமன் போலிருந்த ஒருவர் வந்து "நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டார். "இல்லைங்க, மண்டபம் பாக்க வந்தோம்" என்றதும் "அதனால இன்னாங்க, உக்காருங்க, ரெண்டு இட்லி சாப்ட்டுப் போங்க" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். பொங்கல் நன்றாக இருந்தது. அந்தச் சமையல் மாஸ்டர் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

இலை எண்ணுவது என்று சொன்னேன் இல்லையா, அதுதான் எனக்கு முதல் வேலை. மண்டபத்துக்காரர்கள் "ஹால்ல 800 பேர் உக்காரலாம்" என்பார்கள். ஹாலில் எத்தனை பேர் உட்கார்ந்தால் நமக்கு என்ன? ரிசப்ஷனுக்கு வருகிறவர் ஹாலில் எவ்வளவு நேரம் இருக்கிறார்? வருவார், தெரிந்த முகம் இருந்தால் பத்து நிமிஷம் பேசுவார், மேடை வரிசையில் நிற்பார், போட்டோ, கவர், நேராகச் சாப்பாடு. ஆக, கல்யாணம் நல்லா நடந்ததா இல்லையா என்பதை முடிவு செய்வது சாப்பாட்டுக்கூடம்தான். கணக்கு இப்படி: ஒரு பந்தி உட்கார்ந்து, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, மேஜை துடைத்து, அடுத்த இலை போட 35 நிமிஷம் ஆகும். எவ்வளவு சுறுசுறுப்பான ஆட்கள் இருந்தாலும் அரை மணிக்குக் கீழே வராது, விரட்டினால் சாப்பிடுகிறவர் கோபித்துக்கொள்வார். ரிசப்ஷன் கூட்டம் ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் வந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் மூன்று பந்தி, கொஞ்சம் இழுத்தால் நாலு. 200 இலை போடுகிற கூடம் என்றால் 600 பேர், இழுத்தால் 800. நீங்கள் கூப்பிட்டிருப்பது 1000 பேர் என்றால் மீதி 200 பேர் என்ன செய்வார்கள்? சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டே. சாப்பிடுகிறவருக்கும் சங்கடம், நிற்கிறவருக்கும் சங்கடம், நடுவில் சாம்பார் வாளியோடு வருகிற பையனுக்குத்தான் பெரிய சங்கடம்.

அதனால் வருகிற கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் உட்கார முடிகிற சாப்பாட்டுக்கூடம் வேண்டும். 1000 பேருக்கு 330 இலை, 600 பேருக்கு 200 இலை. மேனேஜர் சொல்கிற எண்ணை நம்பாமல் நாமே மேஜைகளை எண்ணிவிட வேண்டும். சில இடத்தில் "350 இலை" என்பார்கள், போய்ப் பார்த்தால் மேஜைகளை நெருக்கிப் போட்டு எண்ணிய 350. இரண்டு வரிசை நாற்காலிக்கு நடுவில் ஒரு ஆள் வாளியோடு போக முடியாது. அந்த இடைவெளியில் நானே ஒரு தடவை நடந்து பார்ப்பேன், மாமா சிரிப்பார்.

கூடம் எந்த மாடியில் இருக்கிறது என்பதும் முக்கியம். கீழே சாப்பாடு, மேலே கல்யாணம் என்றால் பரவாயில்லை. சாப்பாடு மேல்மாடியில், சமையல் கீழே என்றால் குண்டானைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும், இரண்டாவது பந்தியிலேயே ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள், சோறு ஆறிப்போகும். இதில் லிஃப்ட் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லுவார்கள், அந்த லிஃப்ட்டில் சாம்பார் போகுமா, மூட்டுவலி உள்ள ஆயா போகுமா, இரண்டுமே ஒன்றில்தான் போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது லிஃப்ட் ஓடாது என்பதே கரண்ட் போன பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். பெரியம்மாவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கை கழுவும் குழாய் எத்தனை? 300 பேர் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். எட்டுக் குழாய் இருந்து அதில் இரண்டு உடைந்திருந்தால் பட்டுப்புடவைக்காரர்கள் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். தரையில் தண்ணீர் தேங்குகிறதா என்று காலியாக இருக்கும் நாளில் தெரியவே தெரியாது.

சமையல்கட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட மாஸ்டருக்குத்தான் தெரியும், அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது. ஒரு பைக் பெட்ரோல் செலவுதான். அவர் ஹால் பக்கமே திரும்ப மாட்டார். நேராகப் பின்னால் போய் சாக்கடை எங்கே போகிறது என்று பார்ப்பார், கிரைண்டருக்கு த்ரீ ஃபேஸ் பாயிண்ட் இருக்கிறதா, அடுப்புக்கு மேலே புகை போக வழி இருக்கிறதா, மளிகை வைக்கிற அறைக்குப் பூட்டு இருக்கிறதா, பாத்திர லிஸ்ட்டில் எழுதியிருக்கிற பெரிய அண்டா நிஜமாகவே இருக்கிறதா. அப்புறம் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துத் துப்புவார். எங்கள் ஊரில் அதுதான் பெரிய பரீட்சை. பாலாறு பெயருக்கு ஆறு, வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீரை எந்த அளவுக்குக் கெடுத்திருக்கிறது என்பது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூருக்குள்ளும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புதான். உப்புத் தண்ணீரில் பருப்பு சரியாக வேகாது, காபி வாயில் வைக்க முடியாது. காவிரித் தண்ணீர் கனெக்‌ஷன் இருக்கிறதா, இல்லையென்றால் சமையலுக்கு லாரித் தண்ணீர் யார் கணக்கு, கேன் யார் கணக்கு என்று அன்றைக்கே பேசிவிட வேண்டும். வைகாசியில் இந்தக் கணக்கு சின்னதாக இருக்காது.

அசைவம் விடுவார்களா என்று கேட்கவேண்டியவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நிறைய மண்டபங்களில் விடமாட்டார்கள். சில இடத்தில் விடுவார்கள், ஆனால் கேஸ் அடுப்பு மட்டும்தான். ஆம்பூர் மாஸ்டரைப் பிரியாணிக்குச் சொல்லிவிட்டு அவரிடம் போய் விறகு கூடாது என்றால் அவர் சீரகச் சம்பா மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிடுவார். பிரியாணியும் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் மட்டும்தான் சாப்பாடு என்கிற கல்யாணத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பின்பக்கம் திறந்த வெளியில் அடுப்பு வெட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில். வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்வது வீண்தான், ஆனாலும் மண்டபம் பிடிக்கும்போது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது. கத்திரி மே 4 முதல் 28 வரை, வைகாசி முகூர்த்தம் ஆரம்பிப்பதே அதன் நடுவில்தான். நாற்பது டிகிரியைத் தாண்டுகிற அந்த நாட்களில் ஹாலில் ஏசி இருக்கும், சாப்பாட்டுக்கூடம் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும். ஏசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த ஆளைத் தகரத்துக்குக் கீழே கொண்டுபோய் சுடுசாதம் போட்டால் அவர் பாயசம் வரைக்கும் தாங்க மாட்டார். கோடையில் கல்யாணம் என்றால் சாப்பாட்டுக்கூடத்தை மத்தியானம் ஒரு மணிக்குப் பாருங்கள். தை மாசி என்றால் இந்தக் கவலையே இல்லை, காலை முகூர்த்தத்துக்கு நம்ம ஊரில் ஃபேனே அதிகம். அப்போது ஏசி மண்டபம் என்பதற்காக மட்டும் கூட வாடகை கொடுப்பது எதற்கு என்று மாமாவிடம் கேட்டேன். "பத்திரிகைல ஏசி மண்டபம்னு போடணும்ல" என்று மாமி பதில் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது இடத்துக்கு வருவோம். மண்டபம் எங்கே இருக்க வேண்டும் என்பதை நம் வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். நாம் என்னவோ முதல் நாள் மத்தியானமே போய்விடுவோம், நமக்கு எங்கே இருந்தால் என்ன. சொந்தக்காரர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், எதில் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. குடியாத்தம், லத்தேரி, கே.வி.குப்பம் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் அதிகம் என்றால் காட்பாடிதான் சரி. ஆரணி, கண்ணமங்கலம் பக்கம் என்றால் பாகாயம் பக்கமாகப் பார்க்கலாம், அவர்கள் ஊருக்குள்ளேயே வரவேண்டியதில்லை. ஆற்காடு ராணிப்பேட்டைக்காரர்களுக்கு சத்துவாச்சாரி. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு எங்கள் சொந்தமெல்லாம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது, அதற்கு முன்னால் 1989இல் பிரிந்துபோன திருவண்ணாமலையையும் சேர்த்தால் நாலு. மொய் எழுத வருகிறவர்களுக்கு மாவட்ட எல்லை எதுவும் கிடையாது, அவர்களுக்கு இருப்பது கடைசி பஸ் மட்டும்தான். ஒன்பது மணிக்கு மேல் கிராமத்து பஸ் பிடிக்க வேண்டியவர் ஏழே முக்காலுக்குச் சாப்பிட்டாக வேண்டும், அவரை முதல் பந்தியில் உட்காரவைக்க ஒரு ஆள் வாசலில் நிற்க வேண்டும்.

பைபாஸ் ஓரத்து மண்டபங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. பெரிய பார்க்கிங், நல்ல புது கட்டடம், வாடகைக்குத் தகுந்த வசதி. குறை சொல்ல முடியாது, கார் இருக்கிறவர்களுக்கு. ஆனால் எதிர்த் திசையிலிருந்து வருகிறவர் எங்கே திரும்ப வேண்டும் என்று நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சில இடத்தில் மண்டபம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும், அதைத் தாண்டிப் போய்ச் சுரங்கப்பாதையில் திரும்பி சர்வீஸ் ரோட்டில் வரவேண்டும். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் அவ்வளவு தூரம் சுற்ற மாட்டார்கள், ராத்திரி நேரத்தில் லாரிகளுக்கு நடுவே நேராகக் குறுக்கே நடப்பார்கள். பெங்களூர்ச் சாலையில் ராத்திரி லாரி எந்த வேகத்தில் போகும் என்று சொல்ல வேண்டுமா? எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே பைபாஸ் மண்டபங்கள் பிடிப்பதில்லை. வேன் வைத்துப் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதாக இருந்தால் சரி, அந்த வேன் செலவையும் மண்டப வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆம்பூர் பக்கத்து வேன் என்றால் பள்ளிகொண்டா டோல்கேட்டும் உண்டு.

டவுனுக்குள் இருக்கிற பழைய மண்டபங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே வந்துவிடலாம், நேதாஜி மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பதால் பூவோ வாழையிலையோ குறைந்தால் பையனை ஓட விடலாம். ஆனால் காரை எங்கே நிறுத்துவது? லாங் பஜார், மண்டித் தெரு பக்கம் சாயந்தரம் ஏழு மணிக்குக் காரோடு நுழைந்தவர் மாலையோடு மேடை ஏறும்போது கல்யாண மூடிலேயே இருக்க மாட்டார். அதேபோல் காட்பாடி மண்டபத்துக்கு வேலூரிலிருந்து வருகிறவர்கள் கிரீன் சர்க்கிளையும் பாலாற்றுப் பாலத்தையும் தாண்டியாக வேண்டும். வார நாள் சாயந்தரம் ஆறரைக்கு அந்த வழியாக நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள், மண்டபத்துக்காரர் சொல்லும் "பத்து நிமிஷம்தாங்க" எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐப்பசி கார்த்திகைக் கல்யாணம் என்றால் போகிற வழியில் தரைப்பாலம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தரைப்பாலங்கள் பல இடங்களில் முழுகி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சுற்றிக்கொண்டு போனோம்.

வெளியூர்க்காரர்கள் தங்குவது தனிக் கதை. திங்கட்கிழமை முகூர்த்தம் என்றால் ராகு காலம் 7.30க்கு ஆரம்பித்துவிடும், பெரும்பாலும் ஆறிலிருந்து ஏழரைக்குள் தாலி கட்டிவிடுவார்கள். சென்னையில் காலையில் கிளம்புகிற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் காட்பாடிக்கு வரும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். ஆக, சென்னைக்காரர்கள் முதல் நாளே வந்து தங்குவார்கள். மண்டபத்தில் மணமகன் அறை, மணமகள் அறை போக நாலு அறை இருந்தால் அதிர்ஷ்டம், அதில் ஒன்றை மேனேஜர் பூட்டி வைத்திருப்பார். வெளியில் லாட்ஜ் பார்க்கலாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் இது. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கமெல்லாம் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். அவர்களுக்கு அது அவசியம், நமக்கு ஒரு ராத்திரிதான். போதாததற்கு வி.ஐ.டி.யில் பட்டமளிப்பு விழாவோ அட்மிஷனோ இருந்தால் காட்பாடிப் பக்கமும் ரூம் கிடைக்காது. தேதி குறித்ததும் ரூமைப் போட்டுவிட்டு அப்புறம் மண்டபத்துக்குப் போனாலும் தப்பில்லை.

கோயிலில் தாலி, மண்டபத்தில் சாப்பாடு என்று வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரத்தினகிரி, வள்ளிமலை என்று நம்ம பக்கம் முருகனுக்குக் குறைவில்லை. எனக்குப் பிடித்த முறைதான், செலவும் குறையும், ஆனால் மலைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் காலை ஏழு மணிக்கு இருநூறு பேரை நகர்த்துகிற வேலை யாருடையது என்று முன்னாடியே பெயர் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளபடியே வேலூரில் இருப்பதிலேயே அழகான கல்யாண மண்டபம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் இருக்கிறது. யாளியும் பாய்கிற குதிரையுமாக ஒவ்வொரு தூணும் ஒரு நாள் பார்க்கலாம். பல காலம் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981இல் மறுபடி லிங்கம் வைத்த கோயில் அது. அந்த மண்டபத்தை யாரும் வாடகைக்கு விட மாட்டார்கள், கல்யாணமெல்லாம் சாமிக்கு மட்டும்தான். மற்ற மண்டபங்களின் மேடையில் ஃபைபர் யாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூண்கள் ஞாபகம் வரும்.

மேடையைப் பற்றி ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் படி இருக்க வேண்டும். ஏற ஒரு பக்கம், இறங்க ஒரு பக்கம். ஒரே படி என்றால் பரிசு கொடுக்க ஏறுகிறவரும் கொடுத்துவிட்டு இறங்குகிறவரும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்பார்கள், வரிசை வாசல் வரை போகும். மற்றபடி நிறம், சீலிங், சரவிளக்கு எல்லாவற்றையும் டெக்கரேஷன்காரர் துணி போட்டு மூடிவிடப்போகிறார், அதற்காக ஏன் வாடகை கொடுக்க வேண்டும்?

அவசர வழி. இதைச் சொன்னால் "கல்யாணத்துக்குப் போய் அபசகுனமா பேசாத" என்பார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்கப்புறமும் இரண்டாவது படிக்கட்டில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்துப் பூட்டுப் போட்டிருக்கிற மண்டபங்களைப் பார்க்கிறேன். பின்வாசல் வழியாகப் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கதவு திறக்கிறதா என்று தெரிந்துவிடும். தீயணைப்புத் துறைச் சான்று, மண்டப லைசென்ஸ் இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் ஆபீஸ் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

பணம் பேசும்போது வாடகை என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள், அது ஆரம்பம் மட்டும்தான். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கரண்ட் மீட்டர்படி தனி, யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேனேஜரையும் கூட வைத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை மீட்டரைப் போட்டோ எடுத்துவிடுவது நல்லது. ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, அதில் ஏசி ஓடுமா ஃபேன் மட்டும்தானா என்பது தனிக் கேள்வி, பல இடத்தில் ஃபேன் மட்டும்தான். கிளீனிங், குப்பை எடுக்க, வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன் பேட்டா என்று ஒவ்வொன்றாக வரும். சில மண்டபங்களில் டெக்கரேஷன் அவர்கள் ஆளைத்தான் வைக்க வேண்டும், வெளி ஆள் என்றால் அதற்கு ஒரு "அனுமதி" பணம். வாடகை குறைவாக இருக்கிற இடத்தில்தான் இந்த மாதிரி வால் நீளமாக இருக்கும். பாட்டுக் கச்சேரி வைக்கிறவர்கள் ராத்திரி பத்து மணிக்கு வெளியே கேட்கிற ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், காலை ஆறு மணி வரை போடக்கூடாது. சட்டம் 2000ஆம் வருஷத்திலிருந்தே இருக்கிறது, நாலரை மணிக்கு வாசலில் நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். மேஜை மேல் விரிக்கிற பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. அதற்கும் சேர்த்துப் பேப்பர் ரோல் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: "எங்களுக்கு முந்தின நாள் யாருக்குக் கொடுத்திருக்கீங்க?" மண்டபம் நம் கைக்கு வருவது பெரும்பாலும் மத்தியானம் மூன்று மணிக்கு. வளர்பிறை முகூர்த்தம் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் முந்தின கல்யாணத்துக்காரர்கள் அதே மூன்று மணிக்குத்தான் வெளியேறுவார்கள், பெரும்பாலும் நாலு மணிக்கு. அவர்கள் சீர்வரிசை ஒரு பக்கம் இறங்கும், நம் காய்கறி ஒரு பக்கம் ஏறும், சமையல்கட்டில் எச்சில் இலை அள்ளாமல் கிடக்கும், டெக்கரேஷன்காரர் ஏணியோடு வாசலில் நிற்பார், ஏழு மணிக்கு ரிசப்ஷன். முந்தின நாள் காலியாக இருக்கிற தேதி கிடைத்தால் நான் அதற்காக ரெண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுப்பேன். கிடைக்காவிட்டால் சமையல்கட்டை மட்டுமாவது மத்தியானம் ஒரு மணிக்குக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது மேனேஜர் மாறினால் போய்விடும், மேனேஜர் மாறுவார். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போதும் பத்திரிகையோடு சேர்த்து அதைக் கேட்பதுண்டு.

மாமா பையனுக்குக் கடைசியில் காட்பாடிப் பக்கம் ஒரு பழைய மண்டபத்தைப் பிடித்திருக்கிறோம். ஹால் சின்னதுதான், சரவிளக்கு கிடையாது, சுவர் பச்சை நிறம், மாமி அந்தப் பச்சையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் சாப்பாட்டுக்கூடத்தில் 280 இலை விழும், எண்ணிவிட்டேன், சமையல்கட்டு அதற்கு ஒட்டினாற்போல் அதே தளத்தில், மாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் துப்பாமல் விழுங்கினார். முந்தின நாள் வேறு கல்யாணம் இல்லை. பக்கத்துக் காலி மனையில் கார் நிறுத்திக்கொள்ள மனைக்காரரிடம் மாமாவே பேசிவிட்டார். பெங்களூரிலிருந்து வருகிற கோஷ்டிக்குத்தான் இன்னும் ரூம் போடவில்லை. காந்தி நகரில் ஒரு இடம் சொல்லியிருக்கிறார்கள், நாளைக்குப் போய் அங்கேயும் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.